யாழ்ப்பாணத்தில் வாடகை வீடு: பெட்டி பிரிக்க முதல் தண்ணியைப் பாருங்கள்

நல்லூர்த் திருவிழா 25 நாள். கனடா, ஐரோப்பாப் பள்ளிக்கூட விடுமுறையும் ஏறக்குறைய அதே நேரந்தான். ஊருக்கு ஆட்கள் குவியும் அந்த ஆடி, ஆவணியில்தான் யாழ்ப்பாணக் கிணறுகளும் வற்றிக் கிடக்கும். மாரி மழை வந்துதான் அவை நிரம்ப வேண்டும். ஆகவே வீடு பேசும்போது எத்தனை அறையில் ஏசி என்று கேட்க முதல், கிணறு வளவுக்குள்ளேயா, பங்குக் கிணறா, கோடையில் எவ்வளவு தண்ணி நிற்கும், தாங்கி எத்தனை லீற்றர், கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள்.

ஆறேழு பேர் குளித்து, உடுப்புத் தோய்த்து, சமைத்தால் 1,000 லீற்றர் தாங்கி ஒரே நாளில் இறங்கிவிடும். கரண்ட் நின்றால் மோட்டரும் நிற்கும். இரவு படுக்க முதல் தாங்கியை நிரப்பி வையுங்கள்.

மோட்டர் இரைகிறது, தண்ணி வரவில்லையென்றால் உடனே நிற்பாட்டுங்கள். வெறுமையாக ஓடினால் உள்ளிருக்கும் சீல் சூடேறிப் பழுதாகும். முதலில் டோர்ச் அடித்துக் கிணற்றைப் பாருங்கள்; தண்ணி குழாய் வாய்க்குக் கீழே இறங்கியிருந்தால் ஊறும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. தண்ணி இருந்தால், கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வில் (தண்ணியைத் திரும்ப இறங்கவிடாத வால்வு) மண்ணோ இலையோ சிக்கி, குழாயில் நின்ற தண்ணி திரும்ப இறங்கியிருக்கும். சுவிட்சை நிற்பாட்டிய பிறகு, மோட்டரின் தலையிலுள்ள சிறு மூடியைக் கழற்றி, குமிழி அடங்கி விளிம்புவரை நிற்கும்வரை செம்பால் தண்ணி ஊற்றுங்கள். ஒரு நிமிடம் அப்படியே நின்றால் மூடியை இறுக்கி, மோட்டரைப் போடலாம். ஊற்ற ஊற்ற இறங்கினால் வால்வு ஒழுகுகிறது. அதைப் பைப் வேலை செய்பவர்தான் கழற்றித் துப்பரவாக்க வேண்டும்.

சுண்ணாம்புக்கல்லில் ஊறிய தண்ணி என்பதால் சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலில் வெள்ளையாகப் படியும். வினாகிரியும் தண்ணியும் சரிபாதி விட்டு அரை மணித்தியாலம் ஊறவைத்தால் கழன்றுவிடும். அடைபட்ட ஷவருக்கும் இதுவே மருந்து. தோட்டப் பசளையால் பல கிணறுகளில் நைத்திரேற்று என்ற உப்பு கூடுதலாக இருக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. அது கைக்குழந்தைக்கு ஆபத்து, ஆகவே பால்மா கரைக்கப் போத்தல் தண்ணியையே பாவியுங்கள்.

மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்த வீட்டில் குளியலறை நாறினால் உடனே மலக்குழியைக் குறை சொல்ல வேண்டாம். தரைத் துவாரத்தின் கீழே வளைவில் நிற்க வேண்டிய தண்ணி காய்ந்து, குழாய் வழியே காற்று மேலே வருகிறது. ஒவ்வொரு துவாரத்திலும் அரை வாளி ஊற்றுங்கள், அன்றே நாற்றம் போய்விடும்.

இங்கே 230 வோல்ட். போன், மடிக்கணினி சார்ஜர்களில் 100–240 என்று எழுதியிருந்தால் பயமில்லை. கனடாவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் தலைமுடி உலர்த்தியும் அயன் பெட்டியும் அடப்டர் போட்டாலும் எரிந்துவிடும், ஏனென்றால் அடப்டர் முள்ளைத்தான் மாற்றும், வோல்ட்டை அல்ல. 5 அம்பியர் உருண்டைப் பிளக்கில் 2,000 வோற் கேத்தலைக் கொளுவவும் கூடாது. அது தாங்குவது ஏறக்குறைய 1,150 வோற்தான்.

மார்கழி விடுமுறைக்கு வருவோர் நுளம்பில் கவனமாக இருங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், இரவு வலை மட்டும் போதாது. முட்டை நுளம்பாக ஏழு, பத்து நாள் போதும். பூச்சாடித் தட்டு, ஏசித் தண்ணி விழும் வாளி, தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். பாவிக்காத கக்கூசுக்கும் தண்ணி அடியுங்கள். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரோஃபன் வேண்டாம். இரண்டு நாளில் விடாவிட்டால் யாழ் போதனா வைத்தியசாலையிலோ கிட்டவுள்ள ஆஸ்பத்திரியிலோ காட்டி இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் டெங்கு மோசமாவது வழக்கம். அந்த ஒன்றிரண்டு நாளில் வயிற்றுநோ, விடாத சத்தி, இரத்தக்கசிவு கண்டால் விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே கொண்டுபோங்கள்.