உடலை அச்செடுத்தால் உடல் வந்துவிடாது: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

போன வாரம் ஒரு மாணவர் தன் முதல் சிற்பத்தின் போட்டோவை அனுப்பியிருந்தார். ஆளுயரச் சிற்பம். நண்பரின் உடலிலிருந்து நேரடியாக அச்செடுத்து ரெசினில் (ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசின்) வார்த்தது. தோலின் ஒவ்வொரு சுருக்கமும் அப்படியே விழுந்திருந்தது. "தத்ரூபமாக வந்திருக்கிறது, ஆனால் ஏதோ உறுத்துகிறது, என்னவென்று பிடிபடவில்லை" என்று கீழே எழுதியிருந்தார். எனக்குப் பார்த்ததுமே பிடிபட்டது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் காசைக் கொட்டிச் செய்த அதே தவறு, இம்மி பிசகாமல்.

கை பெரிதாகிவிட்டது, கழுத்து குட்டையாகிவிட்டது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைப் பார்க்கிற யாரும் சொல்லிவிடுவார்கள்.

அச்சு பொய் சொல்லாது என்று நம்புவது

ஏழு பேர் நின்றபடி எதற்கோ காத்திருப்பதுபோல ஒரு இன்ஸ்டலேஷன், அதாவது ஓர் இடத்தையே நிறைத்து வைக்கிற கலைப்படைப்பு, செய்ய எனக்கு ஆசை. களிமண்ணில் ஏழு உருவம் பிடிக்கப் பொறுமை இல்லை, உண்மையைச் சொல்லப்போனால் அப்போது அந்த அளவுக்குக் கையும் பழகியிருக்கவில்லை. அச்செடுத்தால் வேலை சுலபம், அதோடு உண்மையான உடல், அதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். நண்பர்களைப் படுக்கவைத்து, தோலில் ஆல்ஜினேட் (பல் மருத்துவர் பல்லுக்கு அச்செடுக்கும் பசை) பூசி, அதன்மேல் பிளாஸ்டர் பேண்டேஜ் (எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டுத் துணி) போட்டு, முன்பாதி பின்பாதி என்று அச்செடுத்து வார்த்தேன். நாலு மாதம். கையிலிருந்ததெல்லாம் ஆல்ஜினேட்டாகவும் ரெசினாகவும் கரைந்தது.

கண்காட்சி தொடங்கிய அன்று ஒரு பெரியவர் ஏழு உருவங்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "எந்த விபத்துங்க இது?" என்று கேட்டார்.

அவர்மேல் தப்பே இல்லை. மல்லாந்து படுத்திருப்பவரின் வயிறு இரண்டு பக்கமும் சரியும், கன்னம் காதுப்பக்கம் இழுபடும், மார்பு தட்டையாகும். அந்த உருவத்தை நிமிர்த்தி வைத்தால் எலும்பு நிற்கும், சதை மட்டும் இன்னும் படுத்தே கிடக்கும். போதாததற்கு ஈரப் பிளாஸ்டரின் கனம் வேறு மேலிருந்து அமுக்கும். ஆல்ஜினேட்டின் குளிர்ச்சியில் தோள் தானாக இறுகும். கண்ணை மூடு, வாயை அசைக்காதே, மூச்சை மெதுவாக விடு என்று நாமே சொல்லியிருக்கிறோம். அச்சில் விழுவது இவ்வளவும்தான். நமக்குக் கிடைப்பது அந்த ஆள் பிளாஸ்டருக்கு அடியில் பட்ட அவஸ்தையின் பிரதி. தோலின் துளைகள்கூடத் தெரிகிறதே என்கிற பூரிப்பில் இது நம் கண்ணுக்குப் படுவதில்லை, பார்க்க வருகிறவருக்கு முதல் நொடியிலேயே படுகிறது.

இன்னும் எரிச்சலாக இருப்பது எதனால் என்றால், எனக்கு முன்னால் இதே வேலையைச் செய்தவர்கள் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும், நாலு மாதம் மிஞ்சியிருக்கும். பிரிட்டிஷ் சிற்பி ஆன்டனி கார்ம்லி தன் உடலையே அச்செடுத்தவர். இங்கிலாந்தின் கிராஸ்பி கடற்கரையில் நிற்கும் அவருடைய 100 இரும்பு உருவங்களும் 17 அச்சுகளிலிருந்து வந்தவை. அவர் உடம்பில் பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு, அதன்மேல் பிளாஸ்டரைப் போடச் சொல்லி, நின்றபடியே மூச்சடக்கி இருப்பார். தோலின் நுணுக்கம் அங்கேயே மழுங்கிவிடும், நிற்கிற நிலை மட்டும் தங்கும். அமெரிக்கச் சிற்பி ஜார்ஜ் சீகல் 1960களில் பிளாஸ்டர் பேண்டேஜ் கூட்டின் வெளிப்பக்கத்தையே சிற்பமாக வைத்தார், உள்ளே பதிந்த தத்ரூபத்தை அப்போது அவர் தொடவே இல்லை. இன்னொரு அமெரிக்கச் சிற்பி டுவான் ஹான்சன் தத்ரூபத்தை விடவில்லை, ஆனால் அவர் தேர்ந்தெடுத்த ஆட்களைப் பாருங்கள்: களைத்தவர்கள், சலித்தவர்கள், கண்ணைத் தாழ்த்தியவர்கள். அச்சு தருகிற கனம் அந்த உடல்களுக்குப் பொருந்துகிறது. ஆஸ்திரேலியச் சிற்பி ரான் மியூக் களிமண்ணில் கையாலேயே உருவம் பிடிக்கிறவர். இறந்துபோன தன் தந்தையை அவர் சுமார் ஒரு மீட்டர் நீளத்தில் அடக்கினார், ஒரு சிறுவனைக் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் உயரத்துக்கு உட்காரவைத்தார். அச்சு எடுத்த அளவைத்தான் தரும், இந்த அளவுகளை அது தராது.

பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் கதை ஒன்று உண்டு. 1877-ல் அவருடைய ‘வெண்கல யுகம்’ சிற்பத்தைப் பார்த்தவர்கள், இது உயிருள்ள ஆளின் மேல் அச்செடுத்ததுதான் என்று குற்றம் சாட்டினார்கள். மனிதர் நொந்துபோனார், மாடலின் புகைப்படங்களையெல்லாம் கொடுத்து நிரூபிக்க வேண்டியதாயிற்று. அடுத்த பெரிய உருவத்தை ஆளுயரத்தைவிடப் பெரிதாகவே செய்தார், யாரும் வாய் திறக்கக் கூடாது என்று. அவர் வசவாக எடுத்துக்கொண்டதை நம் ஆட்கள் பாராட்டாக எடுத்துக்கொள்கிறார்கள், "அப்படியே இருக்கு!" என்றால் முகம் மலர்ந்துவிடுகிறது.

சரி, அச்செடுக்கத்தான் வேண்டும் என்றால்? சிற்பம் நிற்கப் போகிறது என்றால் ஆளையும் நிறுத்தியே எடுங்கள். கஷ்டம்தான், முழங்கால் நடுங்கும், சிலருக்கு மயக்கம் வரும், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், ஆகவே பகுதி பகுதியாக எடுங்கள். பூசுவதற்கு முன்பே எல்லாப் பக்கமிருந்தும் போட்டோ எடுத்து வையுங்கள். ஆல்ஜினேட் காயக் காயச் சுருங்கும், அதனால் அச்சைக் கழற்றியதும் அன்றைக்கே பிளாஸ்டர் ஊற்றிவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று போனால் மூக்கு சூம்பியிருக்கும். அப்புறம் அந்தப் பிளாஸ்டரிலிருந்து மெழுகிலோ களிமண்ணிலோ ஒரு பிரதி எடுத்து, போட்டோக்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்து, கன்னத்தைக் கீழே இறக்கி, வயிற்றை அதன் இடத்துக்குக் கொண்டுவந்து வேலை செய்யுங்கள். உங்கள் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் அங்கே முடித்துவிட்டுப் பெயர்ப்பலகை மாட்டினேன்.

பிளாஸ்டர் சுடும்

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். தடிமனாக இருந்தால் 60 டிகிரியையும் தாண்டும், தோல் வெந்துபோக அது போதும், கழற்றவும் முடியாது. பிளாஸ்டர் வாளிக்குள் கையை விட்டு இறுகவிடும் வேலை வேண்டவே வேண்டாம்.

நிர்வாணமே கருத்து என்று நினைப்பது

இல்லை.

முகம்தான் தெரியவில்லையே என்று அலட்சியம்

ஒரு தோழியின் முதுகும் இடுப்பும் மட்டும் அச்செடுத்திருந்தேன். முகம் கிடையாது, பெயர் கிடையாது. வாய்வார்த்தையாக "சரி" என்றிருந்தாள், எனக்கு அது போதுமாயிருந்தது. கண்காட்சியில் அவளுடைய உறவினர் ஒருவர் இடுப்பிலிருந்த ஆபரேஷன் தழும்பை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் காலையில் அவள் வந்து அதை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். அவள் சரி என்றது அச்செடுப்பதற்கு, பொதுவில் வைப்பதைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து எழுதி வாங்குகிறேன்: எந்தப் பகுதி, எங்கே வைப்பேன், வெட்டிச் சேர்ப்பேனா, விற்பேனா, போட்டோ வெளியே போகுமா, எதுவரை மனம் மாறலாம். பணம் கொடுத்துவிட்டால் இந்தக் கேள்விகள் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 1999-ல் ஸ்பானியக் கலைஞர் சாந்தியாகோ சியரா, காசு கொடுத்து ஆறு பேரின் முதுகில் 250 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே கோடாகப் பச்சை குத்தவைத்தார். அது சுரண்டலைக் காட்டுகிறதா, தானே சுரண்டுகிறதா என்று இன்றும் சண்டை ஓடுகிறது. எனக்கு அது பிடிக்காது, ஆனால் அவர் தெரிந்தே செய்தார். நாம் தெரியாமல் செய்கிறோம்.

பார்வையாளர்களிடம் உடலை ஒப்படைப்பது

நிகழ்த்துகலைக்கு (கலைஞர் தன் உடலையும் செயலையுமே படைப்பாக்கும் கலை) வருகிற இளைஞர்களில் யாராவது ஒருவர், "நான் அசையாமல் இருப்பேன், பார்ப்பவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்" என்று கிளம்புகிறார். நிகழ்த்துகலைஞர் மரினா அப்ரமோவிச் 1974-ல் இத்தாலியின் நேப்பிள்ஸில் இதைச் செய்தார்: ஆறு மணி நேரம், மேசையில் 72 பொருட்கள், அவற்றில் ஒரு துப்பாக்கியும் தோட்டாவும். துணியைக் கிழித்தார்கள், தோலைக் கீறினார்கள், துப்பாக்கியை அவர்மேல் நீட்டினார்கள். கூட்டம் என்ன செய்யும் என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதே கேள்வியைத் திரும்பக் கேட்பதானால் நிறுத்தச் சொல்ல ஒரு ஆளையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம்

பிரிட்டிஷ் கலைஞர் மார்க் க்வின் 1991-ல் தன் ரத்தத்தையே சுமார் நாலரை லிட்டர் சேர்த்து உறையவைத்துத் தன் தலையை வார்த்துவிட்டார். ஃப்ரீசரை நிறுத்தினால் சிற்பம் உருகிவிடும், உயிர் எதையாவது சார்ந்தே இருக்கிறது என்பது அந்த மின்சார ஒயரிலேயே தெரிகிறது. உங்கள் ரத்தம் எதற்கு?

புருவம்

வெளிப்படையான தவறுகளை எழுத மாட்டேன் என்றேன், இது ஒன்று மட்டும். முகத்தில் எதைப் பூசினாலும் அதற்கு முன்னால் புருவத்திலும் இமையிலும் வாசலினைத் தாராளமாகத் தடவுங்கள். என் இடது புருவம் இன்னும் முழுசாக முளைக்கவில்லை.