காய்ச்சிய எண்ணெயை டெராஹெர்ட்ஸில் அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காய்ச்சிய எண்ணெய் எவ்வளவு கெட்டது என்று பார்க்க, மைக்ரோவேவுக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட டெராஹெர்ட்ஸ் அலையைத் துடிப்பாக அதன் வழியே செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கிறோம். குவெட்டைத் (எண்ணெய் ஊற்றி அளக்கும் சிறு கலம்) துடைக்காமல் வைப்பது, ஃபைலுக்குப் பெயர் போட மறப்பது, இதெல்லாம் தானாகத் திருந்திவிடும். திருந்தாதவை வேறு. நாங்கள் செய்ததையே புதிதாக வருபவர்களும் செய்கிறார்கள்.

இல்லாத பீக்கைக் கண்டுபிடிப்பது

இது எனக்கு இன்றும் எரிச்சல். சமையல் எண்ணெய்க்கு 0.2 முதல் 2 டெராஹெர்ட்ஸ் வரை கூரான பீக் (உறிஞ்சல் வளைவில் எழும் முனை) கிடையாது, அதிர்வெண் கூடக் கூட உறிஞ்சல் மெல்ல ஏறும், அவ்வளவுதான். ஒரு மாணவர், காய்ச்சிய சூரியகாந்தி எண்ணெயில் 1.1-லும் 1.67-லும் பீக் வருகிறது, ஆக்சிஜனேற்றத்தின் அடையாளம் இதுதான் என்று கட்டுரை வரைவோடு வந்து நின்றார். இரண்டும் காற்றிலுள்ள நீராவி உறிஞ்சுவதால் வரும் கோடுகள். அளவீட்டுப் பெட்டியில் நைட்ரஜன் நிரப்பி, எண்ணெய் இல்லாமல் ரெஃபரன்ஸ் (ஒப்பிடுவதற்கான அளவீடு) எடுத்தவர், எண்ணெய் வைக்கப் பெட்டியைத் திறந்து மூடிய கையோடு அளந்திருக்கிறார், உள்ளே புகுந்த ஈரக்காற்று வெளியேறும் வரை பொறுக்கவில்லை. மாதக்கணக்கான வேலை வீண். 0.557, 0.752, 0.988, 1.097, 1.163, 1.67 டெராஹெர்ட்ஸ் என்று நீராவிக் கோடுகளை எழுதி மானிட்டரிலேயே ஒட்டி வையுங்கள்.

ஈரம் போன பிறகும் சீரான இடைவெளியில் மேடு மேடாக வருகிறதா? அது குவெட் சுவருக்குள் நடக்கும் எதிரொலி. 1 மி.மீ. குவார்ட்ஸ் சுவர், ஒளிவிலகல் எண் சுமார் 1.95 என்றால் எதிரொலி முதல் துடிப்புக்கு 13 பிகோசெகண்ட் கழித்து வரும், ஸ்பெக்ட்ரத்தில் 77 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு மேடு. காலி குவெட்டை ரெஃபரன்ஸாக வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது, காலியாக இருக்கும்போது சுவரை ஒட்டி இருப்பது காற்று, நிரப்பினால் ஒளிவிலகல் எண் 1.5-ஐ ஒட்டிய எண்ணெய், பிரதிபலிப்பு எப்படி ஒன்றாக இருக்கும்? எதிரொலிக்கு முன்பே சிக்னலை வெட்டலாம், பகுதிறன் (நெருங்கிய அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் திறன்) குறையும்தான், ஆனால் எண்ணெயில் கூரான பீக்தான் இல்லையே. சந்தேகம் தீராவிட்டால் சுவர்த் தடிமன் வேறான குவெட்டில் ஊற்றிப் பாருங்கள். மேடு நகர்ந்தால் அது எண்ணெயுடையது அல்ல.

சூட்டோடு அளப்பது

ஆறவிடுங்கள்.

வடை சுட்ட எண்ணெயையும் வெறுமனே காய்ச்சியதையும் ஒன்றாகச் சேர்ப்பது

பொரித்த எண்ணெயில் மாவும் ஈரமும் மிச்சமிருக்கும். 1 டெராஹெர்ட்ஸில் நீரின் உறிஞ்சல் செ.மீ.க்கு 200-க்கும் மேல், அதற்கு முன் எண்ணெயுடையது ஒன்றுமே இல்லை. வடிகட்டி, ஈரத்தைத் தனியாக அளந்துகொள்ளாமல் வளைவு உயர்ந்துவிட்டது, எண்ணெய் கெட்டுவிட்டது என்று எழுதாதீர்கள்.

குவெட்டில் உள்ள எண்ணெயின் தடிமனை உத்தேசமாகப் போடுவது

வேண்டாம்.

டெராஹெர்ட்ஸை மட்டும் நம்புவது

இந்தியாவில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் கெடக் கெடக் கூடுபவை) 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. அந்தச் சதவீதத்தை உங்கள் வளைவு நேராகச் சொல்லாது. அதே பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்து வேதியியல் முறையிலும் அளந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.