ராத்திரி 2 மணிப் பாலை நிறுத்தியது எப்படி: என் அனுபவம்

10 மாதம் ஆன பிறகும் என் மகள் ராத்திரி 2 மணிக்குப் பால் கேட்டு எழுந்துவிடுவாள். இரண்டே நிமிடம் சப்பிவிட்டு அப்படியே தூங்கிப்போவாள், காலையில் இட்லி, ராகிக் கூழ் எதற்கும் வாயைத் திறக்க மாட்டாள், அதில்தான் இது பசியில்லை, பழக்கம் என்று புரிந்தது. எடை சரியாக ஏறுகிறது, நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஆரம்பித்தேன் (6 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு இதை முயற்சி செய்யாதீர்கள், அதற்கு ராத்திரிப் பால் தேவை).

படுக்கும் முன் நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சாதம், அப்புறம் வயிறு நிறையப் பால். 2 மணிக்குச் சிணுங்கினால் நான் போகவில்லை, அவள் அப்பாதான் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தார். மூன்று ராத்திரி ஒரே அழுகை, அடுத்த அறையில் நானும் அழுதேன், பால் கட்டி மார்பு வலித்ததால் வலி குறையும் அளவுக்கு மட்டும் பீச்சி எடுத்தேன். ஆறாம் நாள் லேசாகச் சிணுங்கிவிட்டுத் தானே தூங்கினாள். பிறகு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது ராத்திரியும் கொடுத்தேன், அதில் தப்பே இல்லை.