எண்ணெயில் பிரிந்த அதிரசத்தைச் சரிசெய்த விதம்

வேலூர்ப் பக்கம் தீபாவளி என்றால் கேதார கௌரி நோன்பு, நோன்பு என்றால் அதிரசம். எங்கள் வீட்டில் 21 படைப்போம். இந்த வருஷம் மழை ஈரம். மாவு இளகி, முதல் அதிரசம் எண்ணெயில் விழுந்ததுமே நுரைத்துப் பிரிந்துவிட்டது.

மைதா சேர்க்கச் சொன்னார்கள். சாமிக்குப் படைப்பது, எனக்கு மனசு வரவில்லை, ருசியும் மாறிவிடும். சலித்த பச்சரிசி மாவையே ஒரு கைப்பிடி தூவிப் பிசைந்து, மூடி ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் மாவு விரலில் ஒட்டாமல் உருண்டது. நெய் தடவிய வாழையிலையில் தட்டி, மிதமான தீயில் ஒவ்வொன்றாகப் போட்டேன். ஓரம் சிவந்து, நடுவில் மெத்தென்று உப்பி வந்தது! எடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவே அழுத்தி எண்ணெயை வடித்துவிடுங்கள். மாவு இறுகிவிட்டால் காய்ச்சிய பாலைத் தெளித்துப் பிசையலாம்.