கடற்கரை வீட்டுக்கு வோஷிங் மெஷின் வாங்க முன்

மட்டக்களப்பின் கல்லடி, காத்தான்குடிப் பக்கம் மெஷினைத் தின்பது உப்புக் காற்றுத்தான். கடையிலேயே சாய்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். தகர விளிம்பில் பெயின்ட் இல்லையென்றால் துரு அங்கேதான் தொடங்கும். பிளாஸ்டிக் அடித்தளமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிரம்மும் உள்ளதை எடுங்கள்.

அடுத்தது தண்ணீர் அழுத்தம். டாங்கியின் 1 மீற்றர் உயரம் ஏறத்தாழ 0.1 பார் (bar, அழுத்த அளவு) தரும். கையேட்டில் குறைந்தது 0.5 பார் என்றிருந்தால், மெஷினுக்குள் தண்ணீர் விடும் வால்வுக்கு மேலே 5 மீற்றர் உயரத்திலாவது தண்ணீர் நிற்கவேண்டும். இல்லையேல் நிரம்பாமல் பிழைக்குறி காட்டி நின்றுவிடும். கிணற்று மணல் வால்வுச் சல்லடையை அடைத்தாலும் இதே கதைதான். திருத்துபவரைக் கூப்பிட முன் பைப்பைப் பூட்டி, மெஷினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, சல்லடையைப் பழைய பல் பிரஷால் தேய்த்துப் பாருங்கள்.

"10 வருட வாரண்டி" பெரும்பாலும் மோட்டருக்கு மட்டும். மெஷினை இயக்கும் எலக்ட்ரோனிக் போர்டுக்கு எத்தனை வருடம் என்று பில் போட முன் கேளுங்கள். டாங்கியை உயர்த்த வழியில்லையா? துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்றுள்ள ட்வின் டப் போதும், அதை வாளியால் ஊற்றியும் ஓட்டலாம்.