பங்கில் நஷ்டமா? ஐடிஆரில் (வருமான வரி ரிட்டர்னில்) அதைக் காட்டாமல் விடாதீர்கள்

லாபம் இல்லையே, எதற்குக் காட்ட வேண்டும் என்று நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் சம்பளக்காரர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். அது கைக்காசை விடுவதுதான்.

முதலில் புரோக்கரிடமிருந்து வரி அறிக்கையை இறக்கி, ஏஐஎஸ்ஸோடு (வருமான வரித் துறையிடம் உள்ள உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கை) ஒப்பிடுங்கள். படிவம் ஐடிஆர்-2. குறுகிய கால நஷ்டத்தை (வாங்கி ஓராண்டுக்குள் விற்ற பங்கில் வந்தது) குறுகிய கால, நீண்ட கால மூலதன லாபம் இரண்டிலும் கழிக்கலாம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டுமே. சம்பளத்தில் கழிக்க வழியே இல்லை.

பங்கில் நீண்ட கால லாபம் 1,80,000, குறுகிய கால நஷ்டம் 60,000 என்று வையுங்கள். மிச்சம் 1,20,000, விலக்கு வரம்பு 1,25,000 என்பதால் வரி இல்லை. நஷ்டத்தைக் காட்டாவிட்டால் 55,000-க்கு 12.5 சதவீதம், அதாவது 6,875 ரூபாய், அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி தனி.

இந்த ஆண்டு கழியாத நஷ்டத்தை அடுத்த 8 ஆண்டு வரை கொண்டுசெல்லலாம். ஆனால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால்தான். ஒருநாள் தாமதித்தாலும் அந்த உரிமை போய்விடும். ரிட்டர்னில் இப்படிக் கொண்டுசெல்லும் நஷ்டத்துக்கான சிஎஃப்எல் அட்டவணையில் தொகை ஏறியதா பாருங்கள், தாக்கல் செய்த 30 நாளுக்குள் இ-வெரிஃபை (ஆன்லைனில் உறுதி) செய்யுங்கள்.

இன்ட்ராடே (ஒரே நாளில் வாங்கி விற்பது) நஷ்டம் இதில் சேராது: அதற்குப் படிவம் ஐடிஆர்-3, கொண்டுசெல்ல முடிவது 4 ஆண்டுதான். குலசேகரம் பக்கத்துக் கிராமத்து ரப்பர் தோட்டத்தை நஷ்டத்துக்கு விற்றிருந்தால், அது கிராமப்புற விவசாய நிலமாக இருக்கும்வரை மூலதன நஷ்டமாகக் காட்ட முடியாது.