"போர்டு போச்சு" என்று முடிவு கட்டும் முன்: சின்ன சிஎன்சி ரவுட்டரில் கன்ட்ரோலரைச் சோதித்து மாற்றுவது

கம்ப்யூட்டர் சொல்படி செதுக்கும் சின்ன சிஎன்சி ரவுட்டர் பாதி வேலையில் நின்றால் பட்டறையில் முதலில் வருகிற பேச்சு "போர்டு போச்சு", அதாவது மெஷினை ஓட்டும் கன்ட்ரோலர் போய்விட்டது என்பதுதான். அன்றைக்கே புதுசுக்கு ஆர்டரும் போட்டுவிடுவார்கள். நான் கோவையில் பெயர்ப்பலகை செதுக்கும் பட்டறை நடத்துகிறேன், அக்கம்பக்கத்து ரவுட்டர்களையும் பார்த்துக் கொடுக்கிறேன். போர்டு தானாகக் கெடுவது அபூர்வம். பெரும்பாலும் வெளியே இருக்கும் ஏதோ ஒன்றுதான் அதைக் கெடுக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதுசை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

நான் சொல்வது ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோல் போர்டின் மேல் சிஎன்சி ஷீல்டு என்ற இணைப்புப் பலகை மாட்டி, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் ஏ4988 டிரைவர்களோடு, ஜிஆர்பிஎல் என்ற ஃபர்ம்வேர் (போர்டுக்குள் இருக்கும் சாஃப்ட்வேர்) ஓடும் சின்ன மெஷின்களுக்கு. ஃபானுக், சீமென்ஸ் கன்ட்ரோலர் போட்ட பெரிய மெஷினில் இந்த வைத்தியம் செல்லாது. அதற்குச் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

போர்டு இன்னும் கம்ப்யூட்டரோடு பேசுகிறது என்றால் முதல் வேலை செட்டிங்ஸைக் காப்பாற்றுவது. 115200 வேகத்தில் கனெக்ட் செய்து $$ என்று அடியுங்கள். வருகிற மொத்தப் பட்டியலையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் போட்டு வையுங்கள். $# அடித்தால் வேலை ஆரம்பப் புள்ளிகள் வரும், $I அடித்தால் ஃபர்ம்வேர் பதிப்பு வரும். அவற்றையும் சேர்த்து வையுங்கள். நாளைக்கு ஊனோ மொத்தமாகப் படுத்துவிட்டால் இந்த ஃபைல் அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

அப்புறம் மெயின் பவரை எடுத்துவிட்டு, எஸ்எம்பிஎஸ் (போர்டுக்கு டிசி கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை) அவுட்புட் வயரை ஷீல்டிலிருந்து கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் ஆன் செய்து மீட்டர் வைத்துப் பாருங்கள். 24 வோல்ட் யூனிட் என்றால் 24க்குப் பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும். ஏறி இறங்கினால் நோய் அங்கேதான். ஏ4988 சிப்பின் உச்ச வரம்பு 35 வோல்ட். எஸ்எம்பிஎஸ் ஓரத்தில் இருக்கும் திருகை யாராவது விளையாட்டாகத் திருகியிருந்தால் சரியான அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது ஊனோ. ஷீல்டைப் பிடுங்கி ஊனோவைத் தனியாக எடுங்கள். சந்தேகமான போர்டை நேராக லேப்டாப்பில் சொருக வேண்டாம், பழைய மொபைல் சார்ஜரில் கொடுங்கள். பெரிய சிப்பின் மேல் விரல் வைத்துப் பாருங்கள். சுட்டால் அதன் கதை முடிந்தது. குளிர்ச்சியாக இருந்தால் 5 வோல்ட் பின்னில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு லேப்டாப்புக்குக் கொண்டுபோகலாம். லேப்டாப்பில் காம் போர்ட் (ஊனோவோடு பேசும் இணைப்பு) காட்டவில்லை என்றாலும் அவசரப்பட வேண்டாம். டேட்டா போகாத, சார்ஜுக்கு மட்டுமேயான யூஎஸ்பி கேபிள்கள் நிறையப் புழங்குகின்றன. தனியாக இருக்கும்போது ஒழுங்காகப் பேசிவிட்டு, ஸ்பிண்டில் (டூலைச் சுற்றும் மோட்டார்) ஓடும்போது மட்டும் கனெக்‌ஷன் அறுந்தால் ஊனோவில் குறை இல்லை. எர்த்தையும் ஸ்பிண்டில் வயர் போகும் பாதையையும் பாருங்கள்.

ஒரே ஒரு ஆக்ஸிஸ் (எக்ஸ், ஒய், இசட் என்ற நகரும் திசைகளில் ஒன்று) மட்டும் மக்கர் செய்தால் வேலை எளிது. பவரை அணைத்து, எஸ்எம்பிஎஸ் விளக்கு முழுக்க அணைந்த பிறகு, எக்ஸ் டிரைவரையும் ஒய் டிரைவரையும் இடம் மாற்றுங்கள். குறை டிரைவரோடு போனால் டிரைவர்தான் காரணம். எக்ஸிலேயே நின்றால் மோட்டார் பிளக்குகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். மோட்டாரோடு குறை நகர்ந்தால் மோட்டார் அல்லது வயர், நகரவில்லை என்றால் ஷீல்டு அல்லது ஊனோ. கரண்ட் இருக்கும்போது மோட்டார் பிளக்கைத் தொடவே கூடாது. டிரைவர் சாவதற்கு அதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

இனி நான் அதிகம் வலியுறுத்தும் இடம், கேபிள் செயின், அதாவது வயர்களைச் சுமந்து மெஷினோடு நகரும் சங்கிலி. பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர் வந்து, "அண்ணா, புது டிரைவர் போட்டும் மறுபடி அதே எக்ஸ்தானுங்க போவுது" என்றார். செயினுக்குள் மோட்டார் வயர் ஒன்று உள்ளுக்குள்ளேயே அறுந்திருந்தது. மேல் உறையில் ஒரு கீறல் இல்லை. கேன்ட்ரி (ஸ்பிண்டிலைச் சுமந்து நகரும் பாகம்) இடது கோடிக்குப் போகும்போது மட்டும் தொடர்பு விடும். ஓடும் மோட்டாரின் சுருளுக்குப் போகும் தொடர்பு அப்படித் திடீரென்று அறுந்தால் எழும்பும் வோல்டேஜ் நேராக டிரைவரில்தான் இறங்கும்.

இதைப் பிடிக்க, மோட்டார் வயரை இரு முனையிலும் கழற்றுங்கள். மோட்டார் பக்கத்தில் ஒரு சுருளுக்கான வயர் ஜோடியை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு, போர்டு பக்கத்தில் மீட்டரைக் கண்டினியூட்டியில் வையுங்கள். பீப் சத்தம் வரும். இப்போது கேன்ட்ரியைக் கையால் மெதுவாகக் கோடியிலிருந்து கோடி வரை தள்ளுங்கள். சத்தம் ஓர் இடத்தில் ஒரு கணம் விட்டு விட்டு வந்தாலும் அந்த வயர் வேண்டாம். ஒட்டுப் போடாமல் முழு வயரையும் மாற்றுங்கள். நெளிந்தாலும் தாங்கும் மெல்லிய இழை கேபிளாக வாங்குங்கள். அடுத்த ஜோடியையும் இப்படியே பாருங்கள். மோட்டார்கள் மாட்டியிருக்கும்போது கேன்ட்ரியை வேகமாகத் தள்ளாதீர்கள், அப்போது மோட்டாரே ஜெனரேட்டராகி போர்டுக்குள் வோல்டேஜை அனுப்பும்.

அலுமினியம் வெட்டுகிறவர்கள் போர்டுப் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பொடி படிந்திருந்தால் பிரஷ்ஷால் துடையுங்கள், பெட்டிக்கு ஒழுங்கான மூடி போடுங்கள்.

காரணம் பிடிபட்டதா? சரி, இப்போது மாற்றலாம். கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ, ஒவ்வொரு பிளக்கிலும் டேப் ஒட்டிப் பெயர். டிரைவரைத் தூக்கினால் அடியில் மைக்ரோஸ்டெப் ஜம்பர்கள் (மோட்டாரின் ஒரு ஸ்டெப்பை எத்தனை துண்டாகப் பிரிப்பது என்று சொல்பவை) இருக்கும், அதையும் போட்டோ எடுங்கள். புது டிரைவரைச் சொருகும்போது அதிலுள்ள இஎன் பின்னும் ஷீல்டில் எழுதியிருக்கும் இஎன்னும் ஒன்றின் மேல் ஒன்று வர வேண்டும். கரண்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்துச் சொருகக் கூடாது. ஏ4988இல் அது ஒரு பக்கம், டிஆர்வி8825 என்ற இன்னொரு வகை டிரைவரில் எதிர்ப்பக்கம். திருப்பிப் போட்டால் பவர் கொடுத்த நொடியில் போய்விடும்.

மோட்டார் மாட்டும் முன் கரண்ட் அளவை வையுங்கள். ஏ4988இல் திருகுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலான வோல்டேஜை, 8ஐ சென்ஸ் ரெசிஸ்டரின் (டிரைவரில் கரண்டை அளக்கும் ரெசிஸ்டர்) ஓம் மதிப்பால் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். ரெசிஸ்டரில் ஆர்100 (0.1 ஓம்) என்று இருந்தால் 0.8 வோல்டுக்கு 1 ஆம்பியர், ஆர்050 (0.05 ஓம்) என்றால் 0.4 வோல்டுக்கே 1 ஆம்பியர். எல்லா மாட்யூலும் ஒன்று என்று நினைத்து ஒரே அளவு வைக்காமல் பூதக்கண்ணாடியில் பார்த்து வையுங்கள்.

புது ஊனோவில் ஜிஆர்பிஎல் ஏற்றி, ஃபைலில் இருக்கும் எண்களை ஒவ்வொன்றாக அடியுங்கள். ஃபைல் இல்லை என்றால் $100, $101, $102ஐ (ஒவ்வொரு ஆக்ஸிஸும் ஒரு மில்லிமீட்டர் நகர எத்தனை ஸ்டெப்) கணக்குப் போடலாம். மோட்டாருக்கு 200 ஸ்டெப், 16 மைக்ரோஸ்டெப், ஆக 3200. ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்ந்தால் 400, 4 மில்லிமீட்டர் என்றால் 800. இன்னொன்று: பழைய ஷீல்டுகளில் இசட் லிமிட் (கோடியில் இருக்கும் சுவிட்ச்) என்று எழுதியிருப்பது 11ஆம் பின். ஜிஆர்பிஎல் 1.1இல் இசட் லிமிட் 12இல் இருக்கிறது, 11 ஸ்பிண்டில் வேகத்துக்குப் போய்விட்டது. ஷீல்டில் எழுதியிருப்பதை நம்பி மாட்டினால் ஹோமிங்கில் (லிமிட் சுவிட்சைத் தேடிப் போகும் ஓட்டம்) இசட் நிற்காமல் போய் முட்டும்.

முதல் பவர் மோட்டார்கள் இல்லாமல். எதுவும் சுடவில்லை என்றால் அணைத்து, ஒரு மோட்டார் மாட்டி, மறுபடி ஆன் செய்து 10 மில்லிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். அப்படியே மற்றவையும். லிமிட் சுவிட்சை விரலால் அழுத்திக்கொண்டு ? அடித்தால் பதிலில் அந்த ஆக்ஸிஸின் எழுத்து தெரிய வேண்டும். தெரிந்த பிறகே ஹோமிங். ஸ்டீல் ஸ்கேல் வைத்து 100 மில்லிமீட்டர் ஓட்டுங்கள். 99 தான் போயிருந்தால் அந்த ஆக்ஸிஸின் பழைய ஸ்டெப் எண்ணை 100ஆல் பெருக்கி 99ஆல் வகுத்துப் போடுங்கள்.

ஸ்பிண்டில் கடைசி. $32 (லேசர் மோட்) பூஜ்ஜியத்தில் இருக்கிறதா, $30 (ஸ்பிண்டிலின் உச்ச வேகம்) உங்கள் சாஃப்ட்வேர் அனுப்பும் உச்ச வேகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டூல் மாட்டாமல் ஸ்பிண்டிலைச் சுற்றவிட்டு, மூன்று ஆக்ஸிஸும் ஓட ஒரு முழு ஃபைலைக் காற்றில் வெட்ட விடுங்கள். கனெக்‌ஷன் விடாமல் முடித்து, ஆரம்பப் புள்ளிக்கே திரும்பி வந்தால் பலகையை மாட்டலாம்.